அடங்காப் பிள்ளையா, அல்லற்படும் பிள்ளையா?



குருவானவர் பிறருடைய குற்றங்களைக் கேட்பவர்; தம் குற்றத்தைப் பத்திரிகையில் எழுதுவது வழக்கமன்று. ஆயினும் இம்மாதம் நம்முடைய குற்றமொன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அடுத்து எழுதப் போவதற்குப் பொருளே இராது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரசங்கத்தின் நடுவே ஒலிபெருக்கி கீச்சென்று அலறியது. அதே நொடியில் பெண்கள் பகுதியிலிருந்து அதைவிடப் பெரிய அலறல் எழுந்தது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து புரண்டான். தாய் தூக்க முயன்றாள். அவள் கையைக் கடித்தான். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நாம் பொறுமை இழந்தோம். “பிள்ளையை அடக்கத் தெரியாவிட்டால் வெளியே அழைத்துப் போங்கள், அம்மா” என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டோம். அந்தத் தாய் தலையைக் குனிந்தபடி பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியேறினாள். பிரசங்கம் தொடர்ந்தது. அன்றைய பொருள் இரக்கம் என்பது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதன்பின் மூன்று ஞாயிறுகள் அவளைக் கோயிலில் காணவில்லை. நான்காம் வாரம் உபதேசியாரை உடன் அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டிற்குச் சென்றோம்.

நெல் மூட்டைகளின் நடுவே

கணவர் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர்; குறுவை, சம்பா என்று பருவம் வந்தால் வாரக்கணக்கில் வீடு தங்காதவர். மனைவி வீட்டிலிருந்தே பூக்கட்டிக் கொடுக்கிறாள். மாமியார் திண்ணையில் இருந்தார். நம்மைக் கண்டதும் முறையீட்டைத் தொடங்கிவிட்டார்: “என் மகன் இந்த வயதில் மாடு மேய்த்தான், சாமி. இவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை. சோற்றில் குழம்பு பட்டால் தட்டை வீசுகிறான். தலைக்கு எண்ணெய் வைத்தால் ஊரைக் கூட்டுகிறான். எல்லாம் இவள் கொடுத்த செல்லம்.”

மருமகள் மறுமொழி சொல்லவில்லை. பூத்தொடுக்கும் விரல்கள் மட்டும் விரைந்து ஓடின.

பையன் எங்கே என்று கேட்டோம். உள்ளறையைக் காட்டினாள். சுவரோரம் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளில் இரண்டுக்கு இடையே இருந்த இடுக்கில் தன் உடலை நுழைத்துக்கொண்டு, அமைதியாகக் கண்ணை மூடிப் படுத்திருந்தான். “கத்தி ஓய்ந்தால் அங்கேதான் போய்ப் புகுந்துகொள்வான், சாமி. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவான்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அவன் அடங்காதவன் இல்லை, சாமி. அந்தச் சத்தம் அவனுக்கு வலிக்கிறது. எனக்குத் தெரியும். நான் சொன்னால் யார் நம்புகிறார்கள்?”

பள்ளியில் ‘கொஞ்சம் அடங்கும்வரை வீட்டில் வைத்திருங்கள்’ என்று சொல்லிவிட்டார்களாம். தொலைவிலுள்ள ஏதாவதொரு விடுதியில் சேர்த்துவிடலாமா என்று கணவர் யோசித்துக்கொண்டிருந்தாராம். ஒரு குழந்தை வீட்டைவிட்டே விலக்கப்படும் நிலையில் இருந்தது. அதற்கு நம் கோயில் ஒலிபெருக்கியும் ஒரு கை கொடுத்திருந்தது.

அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். மன்னிப்புக் கேட்பது எளிது. அதற்கு மேல் என்ன செய்வது என்பது நமக்குத் தெரியவில்லை. தஞ்சையில் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்வதென்று முடிவாயிற்று. அவர் செவியையும் கண்ணையும் சோதிக்கச் செய்தார். வலிப்பு உண்டா என்று விசாரித்தார். வளர்ச்சியைப் படிப்படியாகக் கேட்டறிந்தார். அவர் அந்நிலைக்கு இட்ட பெயரை இங்கே எழுதமாட்டோம். அது அக்குடும்பத்துக்கு உரியது. இறுதியில் அவர் எழுதித் தந்தது மருந்து அன்று. ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்று எழுதித் தந்தார். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்கிறார்கள். அதைக் கேட்ட தந்தை திகைத்துப்போனார். “ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன தொழில் சாமி கற்றுத் தரப்போகிறார்கள்? தச்சா, கொத்தா?”

பலருக்கும் எழக்கூடிய ஐயம் இது. ஆகவே அதற்கு விடை கூறிவிட்டு மேலே செல்வோம்.

குழந்தையின் தொழில் யாது?

இங்கே ‘தொழில்’ என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலை அன்று. காலையில் கண்விழித்தது முதல் இரவு உறங்கும்வரை ஒருவர் செய்ய வேண்டியனவும் செய்ய விரும்புவனவும் ஆகிய யாவுமே அவருடைய தொழில்தான். பல் துலக்குவதும், குளிப்பதும், உடுப்பதும், உண்பதும், விளையாடுவதும், எழுதுவதும், பிறரோடு கூடியிருப்பதும் குழந்தையின் தொழில்கள். நோயாலோ, ஊனத்தாலோ, வளர்ச்சியில் நேர்ந்த வேறுபாட்டாலோ இவற்றில் தடை ஏற்படும்போது, அத்தடையை ஆராய்ந்து, அந்தச் செயல்களைக் கொண்டே வழி திறப்பது இச்சிகிச்சை. கைகால்களின் வலுவையும் அசைவையும் பிரதானமாகக் கவனிப்பது இயன்முறை மருத்துவம். அந்தக் கையைக்கொண்டு பிள்ளை தானே உண்கிறதா, உடுக்கிறதா என்று கேட்பது தொழில்வழிச் சிகிச்சை.

இது புதிதாக முளைத்த நாகரிகமும் அன்று. 1917இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் சிலர் கூடி இதற்கென ஒரு சங்கம் நிறுவினர். அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். தாமே நோயுற்று உடலின் ஒரு பக்கம் செயலிழந்தவர். பயனுள்ள வேலையில் ஈடுபடுவதே மீட்சிக்கு வழி என்று தம் வாழ்விலேயே கண்டவர். முதல் உலகப்போரில் காயமுற்றோரிடையே இக்கலை விரைவாக வளர்ந்தது. நம் நாட்டிற்கு இதைக் கொணர்ந்தவர் கமலா நிம்ப்கர் அம்மையார். அமெரிக்காவில் எலிசபெத் என்னும் பெயரோடு பிறந்து, இந்தியர் ஒருவரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர். 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் அகில இந்தியச் சங்கமும் அமைந்தது.

தமிழ்நாட்டில் இந்தச் சிந்தனை வேரூன்றிய கதை வேலூரில் நடந்தது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தால் மட்டும் போதவில்லை. அந்தக் கை மீண்டும் வேலை செய்யக் கற்க வேண்டியிருந்தது. ஆகவே அறுவைக்குப்பின் தச்சுவேலையும் பொம்மை செய்தலும் கற்பிக்கப்பட்டன. அவருடன் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தொன்றில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்யப் பழகியவர். அவருடைய உழைப்பால் 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. உடல் முழுமையாகத் திரும்பாவிட்டாலும் வாழ்க்கை திரும்பலாம் என்பதை நாட்டிற்குக் காட்டிய இடம் அது.

யாரும் கேட்காத கேள்வி

தஞ்சையில் சிகிச்சை அளித்தவர் இளம் பெண்மணி. முதல்நாள் பையனை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. அறையில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கவனித்தார். பிறகு தாயைப் பார்த்து, “காலையிலிருந்து இரவுவரை உங்கள் வீட்டில் ஒருநாள் எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள், அக்கா. எந்த நேரம் அவனுக்குச் சிரமம்? எந்த நேரம் அமைதியாக இருக்கிறான்?” என்றார். தாய் சொல்லத் தொடங்கி, நடுவில் அழுதுவிட்டாள். ஏழு ஆண்டுகளில் அவளை எல்லாரும் குறை கூறினார்கள். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

நெல் மூட்டைச் செய்தி வந்ததும் சிகிச்சையாளரின் முகம் மலர்ந்தது. “அவனுக்கு வேண்டிய மருந்தை அவனே கண்டுபிடித்து வைத்திருக்கிறான்” என்றார். அதன் பொருளை அவர் விளக்கியபோது நாமும் மாணவனைப் போல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஐம்புலன் என்று நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அவற்றோடு வேறு சில உணர்வுகளும் உண்டு. உள்காதில் அமைந்து, உடலின் சாய்வையும் அசைவையும் அறிவிப்பது ஒன்று. தசைகளிலும் மூட்டுகளிலும் அமைந்து, கை எங்கே, கால் எங்கே, எவ்வளவு வலுவோடு பிடிக்கிறோம் என்று சொல்வது மற்றொன்று. பசி, தாகம், சிறுநீர் முட்டுதல், நெஞ்சு படபடத்தல் ஆகியவற்றை உள்ளிருந்து தெரிவிப்பது பிறிதொன்று. இவை அனைத்திலிருந்தும் செய்திகள் ஓயாமல் மூளைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலோரிடத்தில் மூளை இவற்றைத் தரம் பிரித்து, வேண்டாததை ஒதுக்கிவிடுகிறது. மின்விசிறியின் ஓசையைச் சிறிது நேரத்தில் நாம் கேட்பதே இல்லை அல்லவா? சில குழந்தைகளிடம் இந்த ஒதுக்கீடு சரிவர நடப்பதில்லை. நமக்கு மெல்லிய ஓசை அவர்களுக்கு இடி. சட்டைக் கழுத்திலுள்ள துணிப்பட்டி அவர்களுக்கு முள். வேறு சிலருக்கோ எதிர்மாறாக எவ்வளவு வந்தாலும் போதுவதில்லை. ஓடிக்கொண்டும் மோதிக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருப்பார்கள். அமெரிக்கச் சிகிச்சையாளர் ஜீன் ஏயர்ஸ் இதை நுணுகி ஆராய்ந்து 1972இல் நூலாக வெளியிட்டார். இன்று இத்துறையில் வழங்கும் பல முறைகளுக்கு அதுவே ஊற்று.

காவிரிக்கரையில் வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. கல்லணையில் நீர் வந்து சேர்கிறது. காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு இவ்வளவு என்று மதகுகள் அளந்து விடுகின்றன. வெள்ளம் மிகுந்தால் உபரி நீர் கொள்ளிடத்தில் இறங்குகிறது. மதகுகள் இயங்காமல் வெள்ளம் வந்துவிட்டால் வயல்கள் என்னாகும்? அதற்காக ஆற்றைக் குறை கூறுவோமா? உள்ளத்தில் எழும் கோபமும் அச்சமும் ஆவலும் அத்தகைய நீரோட்டமே. அதை அடைத்து வைப்பது அடக்கம் அன்று. அளந்து விடக் கற்பதே ஒழுங்கு. நமது சிறுவனுக்கு மதகுகள் இன்னும் பழகவில்லை. நெல் மூட்டைகளின் இறுக்கம் அவன் தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் ஆழ்ந்த அழுத்தம் கொடுத்தது; அது அவனை அமைதிப்படுத்தியது. அந்த இடுக்குதான் அவனுடைய கொள்ளிடம்.

வீட்டில் நடந்த வேலை

வாரம் ஒருமுறை தஞ்சைக்குப் போய்வந்தார்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால் பயணம் இயன்றது. ஆயினும் ஒவ்வொரு முறையும் ஒருநாள் பூக்கூலி போயிற்று. முதல் சங்கடம் பேருந்திலேயே எழுந்தது. எங்கே போகிறோம், எப்போது முடியும் என்று அறியாத பையன் வழியெல்லாம் கத்தினான். திருவையாற்றிலிருந்து தஞ்சைக்குப் போகும் வழியில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலங்கள் உண்டல்லவா? சிகிச்சையாளர் ஐந்து சிறு அட்டைகளில் ஐந்து பாலங்களை வரைந்து கொடுத்தார். ஒவ்வொரு பாலம் கடந்ததும் ஓர் அட்டையைத் தாயின் பையில் போட வேண்டும். ஐந்தும் தீர்ந்தால் தஞ்சை. மூன்றாம் வாரம் பையன் சன்னலோரம் அமர்ந்து அடுத்த பாலத்திற்காகக் காத்திருந்தான். அடுத்து வருவது எது என்று முன்னரே தெரிந்தால் அச்சம் பாதி குறைந்துவிடுகிறது. வீட்டிலும் காலை வேலைகளைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டினார்கள்.

சட்டைப் பொத்தானுக்கு வேறு வழி. செயலைச் சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியை முதலில் கற்பித்தார்கள். தாய் நான்கு பொத்தான்களையும் தானே போட்டு, ஐந்தாவதைத் துளையில் பாதி நுழைத்துக் கொடுப்பாள். பையன் இழுத்து முடிப்பான். வேலையை முடித்த வெற்றி அவனுக்கே! பிறகு முழுப் பொத்தான், பிறகு இரண்டு. முதலிலிருந்து தொடங்கியிருந்தால் தோல்வியும் அழுகையுமே மிஞ்சியிருக்கும். வயதில் சற்று மூத்த பிள்ளைகளாயின் ‘என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்யப் போகிறேன், செய்தேனா, சரியாக வந்ததா’ என்று தமக்குத் தாமே கேட்டுக் கற்கும் முறையும் உண்டு. கனடாவில் உருவான முறை அது.

உணர்ச்சிக்குப் பெயரிடவும் கற்பித்தார்கள். லியா கைபர்ஸ் என்னும் அமெரிக்கச் சிகிச்சையாளர் 2011இல் வெளியிட்ட முறையொன்றில் நான்கு நிறங்கள் வருகின்றன. சோர்வுக்கு நீலம், தெளிந்த அமைதிக்குப் பச்சை, பதற்றத் தொடக்கத்துக்கு மஞ்சள், கட்டுக்கடங்காத நிலைக்குச் சிவப்பு. எந்த நிறமும் பாவம் அன்று. எந்த நிறத்தில் இருக்கிறோம் என்று அறிவதே முதற்படி. மஞ்சளில் இருக்கும்போதே பிள்ளை மூட்டை இடுக்குக்குப் போகலாம். குடத்தில் பாதி நீர் சுமந்து கொல்லைச் செடிக்கு ஊற்றலாம். ஊஞ்சலில் சீராக ஆடலாம். சிவப்பை எட்டியபின் புத்திமதி பயன்படாது. அந்நேரத்தில் குழந்தையின் செவி நம் சொல்லை ஏற்கும் நிலையில் இல்லை. பெரியவர் குரலைத் தாழ்த்தி, சொற்களைக் குறைத்து, அருகில் இருக்க வேண்டும். தானே அமைதியாகக் கற்குமுன் குழந்தை நம்முடைய அமைதியைக் கடனாகப் பெறுகிறது. நாமே கத்தினால் கடன் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

கைவிரல் வலுவுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வாங்கவில்லை. சப்பாத்தி மாவு பிசைதல், மொச்சை உரித்தல், பல்லாங்குழிச் சோழி அள்ளுதல், தாம்பாளத்தில் பரப்பிய மணலில் விரலால் எழுதுதல் ஆகியவையே பயிற்சி. கால் தரையில் பதியும் உயரத்தில் பலகை அமைத்ததும் எழுத்து சற்றே நேரானது. நம் முன்னோர் அறிந்தோ அறியாமலோ குழந்தைகளுக்குத் தந்த தூளியும் ஊஞ்சலும் பாண்டியும் ஐந்தாங்கல்லும் வீணானவை அல்ல என்பது இப்போது விளங்குகிறது. ஆனால் ஒன்று: இவற்றைப் படித்துவிட்டு ‘ஊஞ்சல் கட்டினால் போதும், மருத்துவர் எதற்கு?’ என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. எந்தக் குழந்தைக்கு எது, எவ்வளவு, எப்போது என்பதை அறிவது பயிற்சி பெற்றவரின் வேலை. ஒரு பிள்ளையை அமைதிப்படுத்தும் ஊஞ்சல் மற்றொரு பிள்ளைக்குத் தலைசுற்றலும் அச்சமும் தரலாம்.

பெற்றோர் அறிய வேண்டுவன

அடம் பிடிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் சிகிச்சை வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இரண்டு வயதுக் குழந்தை புரண்டு அழுவது இயல்பு. ஆனால் வயது ஏறியும் தணியாமல், நாள்தோறும், வீடு பள்ளி இரண்டிலும் துன்பம் தருமாயின் கவனியுங்கள். ஒத்த வயதினர் செய்யும் உண்ணல், உடுத்தல், கழிவறைப் பழக்கம் ஆகியவற்றில் மிகவும் பின்தங்கினாலும், ஒலியையோ தொடுதலையோ சில உணவுகளையோ சிறிதும் பொறுக்க இயலாவிட்டாலும், கற்ற சொல்லையும் பழக்கத்தையும் இழக்கத் தொடங்கினாலும் காலந்தாழ்த்தாதீர்கள். முதலில் குழந்தை மருத்துவரைக் காணுங்கள். செவிக்குறையும் பார்வைக்குறையும் வலிப்பும் சில வேளை அடம் போலவே தோன்றும்.

இத்துறையில் எல்லாமே ஐயமற நிறுவப்பட்டவை என்றும் எண்ணிவிட வேண்டாம். ஒரு குறிப்பிட்ட செயலையே நோக்கமாக வைத்து, வீட்டிலும் பள்ளியிலும் திரும்பத் திரும்பப் பயிற்றுவதன் பயன் நன்கு தெரிந்தது. புலனுணர்வை ஒருங்கிணைக்கும் சிகிச்சையைப் பற்றியோ, சான்றுகள் இன்னும் போதியன அல்ல என்றும், பெற்றோருக்கு அதைச் சொல்லியே தொடங்க வேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் அறிவுறுத்தியது. ஆகவே ‘முற்றிலும் குணமாக்குகிறோம்’ என்று விளம்பரம் செய்வோரிடம் நகையை அடகு வைத்துக் கொட்டாதீர்கள். எந்தச் செயலுக்காகப் பயிற்சி, எத்தனை வாரம், முன்னேற்றத்தை எவ்வாறு அறிவது, வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன என்னும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நேர்மையான சிகிச்சையாளர் இவற்றுக்கு மனமுவந்து விடை தருவார். கதவைச் சாத்திக்கொண்டு, பெற்றோரை வெளியே உட்கார வைக்கமாட்டார்.

கையில் பொருள் இல்லையே என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைச் சோதிக்கின்றன. தேவையானவர்களை மாவட்டத்திலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. அரசு மருத்துவமனையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். ஒன்றிய வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி பெறும் உரிமையையும் அச்சட்டம், நிர்ணயித்த அளவுக்குக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு அளிக்கிறது. ‘வீட்டில் வைத்திருங்கள்’ என்னும் சொல்லுக்குச் சட்டம் தரும் மறுமொழி இதுவே.

வேலூர் பாகாயத்தில் ‘நம்பிக்கை நிலையம்’ என்னும் குழந்தைகள் மனநலப் பிரிவில் பெற்றோரும் பிள்ளையோடு தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981இல் எழுந்தது. நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். அந்நிறுவனத்தின் களப்பணியாளர்கள் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று, தொழில்வழிச் சிகிச்சையாளர் முதலிய வல்லுநர்களின் வழிகாட்டுதலோடு பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் பயிற்சி அளிக்கிறார்கள். பெருநகரில்தான் இது இயலும் என்னும் எண்ணத்தைப் பொய்யாக்கிய பணி அது.

நம் பங்கில் நடந்தது

தாயும் சிகிச்சையாளரும் உழைத்தார்கள். நாமும் சும்மா இருக்கலாகாது என்று பட்டது. கோயில் ஒலிபெருக்கியைச் சரிசெய்து, ஓசையைக் குறைத்தோம். முன்வரிசைக் கிழவர்கள் இருவர் காது கேட்கவில்லை என்று முறையிட்டார்கள். அவர்களை ஒலிபெருக்கியின் அருகே அமர்த்தினோம். பக்கவாசலை ஒட்டி ஒரு பாயை விரித்து, வெளியே போகவும் திரும்பி வரவும் எவரும் முகஞ்சுளிக்காதபடி அதை அக்குடும்பத்துக்கு ஒதுக்கினோம். மணி அடிக்குமுன் பீடச் சிறுவன் அத்தாயைப் பார்த்துத் தலையசைப்பான். அவள் மகனிடம் சொல்வாள். அவன் காதைப் பொத்திக்கொள்வான். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ‘கோயிலில் எல்லாருக்கும் ஒரே ஒழுங்கு இருக்க வேண்டாமா?’ என்று ஒருவர் கேட்டார். நொண்டி நடப்பவருக்கு நாற்காலி போடுகிறோமே, அது ஒழுங்குக் குறைவா என்று திருப்பிக் கேட்டோம்.

பத்து மாதங்கள் ஆயின. அற்புதம் நிகழ்ந்தது என்று எழுத மாட்டோம். சிறுவன் சட்டைப் பொத்தான் ஐந்தையும் தானே போடுகிறான். சில நாள் ஒன்று மாறிப்போகும். குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தட்டை வீசுவதில்லை. பள்ளிக்கு அரைநாள் போகிறான். எண்ணெய் வைப்பது மட்டும் இன்றும் போராட்டம்தான். விடுதிப் பேச்சை அவனுடைய தந்தை எடுப்பதில்லை. அறுவடை முடிந்து வீடு வந்தால், மூட்டை இடுக்கில் மகன் படுத்திருக்க, அருகே தாமும் சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

சென்ற திருவிழாவில் ஒன்று கண்டோம். தேர் தெருவில் திரும்பும்போது வெடி வெடிப்பது நம் ஊர் வழக்கம். குறைக்கச் சொல்லியும் முழுவதும் நிற்கவில்லை. தேர் அவர்கள் வீட்டைக் கடந்தபோது திண்ணையில் பாட்டியைக் காணவில்லை. வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் ஓராண்டும் தேருக்குப் பின்னால் நடக்கத் தவறாதவர் அவர். மறுநாள் விசாரித்தோம். வெடி ஓயும்வரை கதவைச் சாத்திவிட்டு, பேரனை மூட்டைகளுக்கு நடுவே அமர்த்தி, அவன் கைகளின்மேல் தம் கைகளையும் வைத்துக் காதைப் பொத்திக்கொண்டிருந்தாராம்.

“தேரை அடுத்த வருஷமும் பார்க்கலாம், சாமி” என்றார்.

நம் குடும்பங்களில் இத்தகைய பிள்ளைகள் இருக்கலாம். அடுத்த வீட்டிலும் இருக்கலாம். கோயிலிலோ பேருந்திலோ ஒரு குழந்தை அலறினால், தாயை முறைத்துப் பார்க்குமுன் ஒரு நொடி பொறுங்கள். ‘இவன் ஏன் அடங்கவில்லை?’ என்பதை விடுத்து, ‘இவனுக்கு எது வலிக்கிறது?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பீடத்தில் நின்ற நாம் கேட்கத் தவறினோம். நீங்கள் தவறவேண்டாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.